எந்த ஊர், எந்தத் தெரு?

"நீங்களுமா ஊருக்குப் போறீங்க? அம்பேத்கரைப் படிச்ச ஆளு நீங்க!"

கேட்டவர் ஒரு கவிஞர். பெயர் வேண்டாம். முற்போக்குக் கவிஞர் என்று மட்டும் சொன்னால் ஒரு பத்துப் பேராவது தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள், நினைக்கட்டும். சென்னையில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு 2025 மே மாசம், கேட்டு வாங்கிய மாற்றலில், சிதம்பரம் பக்கம் இருக்கிற என் சொந்த ஊருக்குத் திரும்பினேன். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு கவிதைக் கூட்டம். அங்கே டீ குடிக்கிற இடைவேளையில்தான் மேற்படிக் கேள்வி. கேள்வியோடு விடவில்லை, வகுப்பும் எடுத்தார். கிராமம் என்பது சாதியின் கோட்டை. நகரம்தான் தலித்துக்கு விடுதலை. நகரத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. 'அடையாளமற்றுப் போதல்' என்பது நவீனத்துவம் ஒடுக்கப்பட்டவனுக்குக் கொடுத்த கொடை. இப்படியே போயிற்று. அவர் அடுக்ககத்தில் சொந்தமாக மூன்று அறை வீடு வைத்திருப்பவர். வாடகைக்கு வீடு தேடி ஒரு நாள்கூட அலைந்தவரில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் தன் கிராமத்து வீட்டுத் திண்ணையைப் பற்றி உருகி உருகி ஒரு நீள்கவிதை எழுதியிருந்தார். ஆக, திண்ணை அவருக்கு, நகரம் எனக்கு. பாகப்பிரிவினை முடிந்துவிட்டது, நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எப்போதுமே பதில் பஸ் ஏறின பிறகுதான் வரும். ஆறு மாசம் கழித்து, ஊரில் உட்கார்ந்து, இந்தப் பதிலை எழுதுகிறேன்.

'நகரத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை' என்கிறாரே, அதிலிருந்தே தொடங்கலாம்.

2016-ல் குமாஸ்தா வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபோது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கினேன். மேன்ஷனில் உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை. முன்பணம் கேட்டான், அடையாள அட்டை நகல் கேட்டான், ராத்திரி பத்தரைக்கு மேல் தண்ணி வராது என்றான். அவ்வளவுதான். மூட்டைப்பூச்சிகூட சாதி பார்க்காத இடம் அது. கவிஞர் சொல்கிற விடுதலை அந்த எட்டுக்குப் பத்து அறையில் எனக்குக் கிடைத்தது என்பதை மறைக்க மாட்டேன். நல்ல கவிதைகள் நாலைந்து அங்கேதான் எழுதினேன். ஆனால் மேன்ஷன் என்பது வீடு அல்ல. குடும்பம், அடுப்பு, அம்மா, குழந்தை என்று வந்தால்தான் அது வீடு. சாதியும் சரியாக அந்த வாசற்படியில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

2018-ல் கல்யாணம். வீடு தேட ஆரம்பித்தோம். மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், ஆதம்பாக்கம், வேளச்சேரி. 'வெஜிடேரியன் மட்டும்' என்று அட்டை தொங்கவிடுகிற வீட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பார்ப்பனீயத்தின் அந்த முகம் எல்லோருக்கும் தெரியும், அட்டையைப் பார்த்ததும் நாமே திரும்பி வந்துவிடலாம், செருப்புத் தேய்மானம் மிச்சம். எனக்கு வேலை வைத்தவர்கள் அட்டை தொங்கவிடாதவர்கள். கறி தின்கிறவர்கள். திராவிட இயக்கத் தலைவர்கள் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருந்த வீடும் அதில் ஒன்று.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. அதில் நமக்கு ஒரு பெருமை. நியாயமான பெருமைதான். ஆனால் அதனாலேயே கேள்வி நேராக வராது, சுற்றிக்கொண்டு வரும். "தம்பி எங்க வேலை?" "பேங்க்ல சார்." முகம் மலரும். மாசம் பிறந்தால் வாடகை வரும் என்கிற மலர்ச்சி. "சொந்த ஊரு?" "சிதம்பரம் பக்கம்." "சிதம்பரமேவா?" "இல்ல சார், பக்கத்துல கிராமம்." "அங்க நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களே, எந்தக் கிராமம்?" சொல்வேன். "அங்க நீங்க எந்தத் தெரு?" இதற்கிடையில் அந்த அம்மா உள்ளேயிருந்து வந்து என் மனைவியிடம் குலதெய்வம் எது, கல்யாணம் எந்த மண்டபத்தில், தாலி எந்த மாதிரி என்று விசாரிப்பார். அரை மணி நேரம் இப்படி அன்பாகப் பேசிவிட்டு, மறுநாள் புரோக்கர் மூலம் தகவல் வரும்: "சொந்தக்காரங்க வர்றாங்களாம் சார், இப்ப விடலையாம்." பதினோரு வீடு. பதினோரு வீட்டுக்காரர்களுக்கும் ஒரே வாரத்தில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அதில் ஒருவரிடமாவது 'நீங்க என்ன ஆளுங்க?' என்று நான் திருப்பிக் கேட்டேனா? கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு திசைதான் உண்டு.

கடைசியில் புரோக்கரே வழி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, தொழில் தெரிந்தவர். "சார், நீங்களா எதுவும் சொல்லாதீங்க. அவங்களா ஒண்ணு நெனச்சிக்குவாங்க. இல்லைன்னு சொல்லாம இருந்தாப் போதும்." அப்படியே செய்தோம். ஆதம்பாக்கத்தில் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் எங்கள் பக்கத்தில் எண்ணிக்கை அதிகமுள்ள ஒரு சாதியின் பெயரைத் தாமாகவே சொல்லி, "அதானே?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு முன்பணம் ஒரு லட்சம், வாடகை பதிமூவாயிரம். புரோக்கர் ஒரு மாச வாடகையைத் தரகாக வாங்கிக்கொண்டார். சாதிக்கென்று தனியாகக் காசு வாங்கவில்லை.

ஆதார் நகல் கேட்டபோது பேங்க் அடையாள அட்டையைக் கொடுத்தேன். காரணம், ஆதாரில் 'காலனித் தெரு' என்று இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. தினமும் காலை பத்திலிருந்து நாலு வரை நான் பார்க்கிற வேலையில் பாதி, வருகிறவர்களிடம் முகவரிச் சான்று கேட்பது. முகவரிச் சான்று இல்லாதவனைத் திருப்பி அனுப்புகிற குமாஸ்தா, தன் முகவரியைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு அலைந்தான்.

அந்த வீட்டில் ஐந்து வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி எடுத்துக்கொண்டு புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் போய் மாட்டுக்கறி வாங்கி, மூன்று பையாகச் சுற்றிக் கொண்டுவருவேன். படி ஏறும்போது வீட்டுக்காரர் பார்த்தால், "மட்டன் சார்." சமைக்கும்போது ஜன்னல் எல்லாம் சாத்த வேண்டும். சித்திரை வெயிலிலும் சாத்த வேண்டும். அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்புகிற கருவாட்டைத் தொடுவதே இல்லை. கீழ்வீட்டில் வஞ்சிரம் வறுத்தால் வாசனை தாராளமாக மாடிப்படி ஏறி வரும். எங்கள் வீட்டு வாசனை மட்டும் இறங்கிப் போகக் கூடாது. அம்பேத்கர் படம் பீரோவுக்குள், சட்டைகளுக்கு அடியில் இருந்தது. ஏப்ரல் 14-ந் தேதி வெளியே எடுத்துத் துடைத்து, பார்த்துவிட்டு, உள்ளே வைத்துப் பூட்டுவோம். அந்தக் காலத்தில்தான் இதே மாதிரிப் பத்திரிகைகளில் நான் 'கலகக் கவிதை' எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கவிதைகளைப் படித்துப் பாராட்டிக் கடிதம் போட்ட தோழர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே விளையாடப் போனாள். வீட்டுக்காரம்மா, "பாப்பா என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டது மாடிக்குக் கேட்டது. என் மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். "சாம்பார் சாதம்" என்றாள் குழந்தை. தெளிவாக, திக்காமல். நாங்கள் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை. ஜன்னல் சாத்துவதைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

கவிஞரே, நீங்கள் சொன்ன 'அடையாளமற்றுப் போதல்' இதுதான். உங்களுக்கு அது பேருந்துக் கூட்டத்தில் கரைகிற தத்துவ அனுபவம். எங்களுக்கு அது மாசா மாசம் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிற பொய். எங்கள் வீட்டில் நாலு வயதுப் பிள்ளையும் அந்தப் பொய்யில் தன் பங்கைக் கட்டியது.

அதற்கப்புறம் அம்மா வந்தார். கண் ஆபரேஷனுக்காக வந்து பதினைந்து நாள் தங்கினார். வருகிறபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. பெத்த தாயிடம் 'நாம யாருன்னு சொல்லிடாதே'ன்னு எப்படிச் சொல்வது? ஒன்பதாம் நாள் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது வீட்டுக்காரம்மா பேச்சுக் கொடுத்திருக்கிறார். "எந்த ஊரும்மா?" "ஊர்ல எந்தப் பக்கம், தெருவா காலனியா?" அம்மா யோசிக்கவே இல்லை. "காலனிதாங்க. ஏன், தம்பி சொல்லலீங்களா?"

ஒரு வாரத்தில் வீட்டுக்காரர் மேலே வந்தார். பையனுக்குக் கல்யாணம், மாடி தேவைப்படுகிறது. பையன் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். நான் அதைச் சொல்லவில்லை, அவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. மரியாதையாகத்தான் பேசினார், 'சார்' என்றுதான் சொன்னார், முன்பணத்தில் வெள்ளையடிக்கப் பிடித்ததுபோகப் பாக்கியைச் சரியாகக் கொடுத்தார். என்னை அறுத்தது அவரில்லை. அன்று ராத்திரி அம்மா சொன்னதுதான்: "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ப்பா. உன் பொழப்பக் கெடுத்துட்டேன்." அறுபத்திரண்டு வருஷம் நடவு நட்டு, களை பறித்து, யாருக்கும் பொய் சொல்லாமல் வாழ்ந்த மனுஷி, உண்மை சொன்னதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மாற்றல் விண்ணப்பத்தை மறுநாள் எழுதினேன்.

'அம்பேத்கரைப் படிச்ச ஆளு' என்றாரே, ஆமாம், படித்தேன். ஒரு நகரத்துக்குக் குடிபோய், வீடு கிடைக்காமல் திரும்பி வந்த கதையை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போகிறார். ஊரில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதிக்குப் போகிறார். பார்சிகளுக்கு மட்டுமான விடுதி. பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதச் சம்மதித்தால் தங்கலாம் என்கிறார் காப்பாளர். எழுதுகிறார். சாப்பாடும் தங்கலும் நாளுக்கு ஒன்றரை ரூபாய். பதினோராம் நாள் காலையில் ஒரு டஜன் பேர் தடியோடு வந்து நிற்கிறார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். தெரிந்த நண்பர்கள் இரண்டு பேர், ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இரண்டு பேரும் நாசூக்காகக் கை விரிக்கிறார்கள். கமாத்தி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ஒன்பது மணி ரயிலில் பம்பாய் திரும்புகிறார். பதினெட்டு வருஷம் கழித்து இதை எழுதும்போதும் கண்ணீர் இல்லாமல் நினைக்க முடியவில்லை என்கிறார். பரோடா கிராமம் அல்ல. மன்னர் சீர்திருத்தக்காரர், அம்பேத்கரைப் படிக்க அனுப்பியவரே அவர்தான்.

இதில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற இடம், தடி தூக்கியவர்கள் வருகிற இடமல்ல. பொய்ப் பெயரில் தங்கினேன் என்று அவரே எழுதி வைத்தாரே, அந்த இடம். நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அவர் ஒளிக்கவில்லை. நான் ஐந்து வருஷம் ஒளித்தேன்.

அந்த விடுதியை ஒரு பழைய கதை என்று தள்ள முடியாது. 2005-ல், அதே குஜராத்தில், அகமதாபாத்தில் உள்ள ஒரு பார்சி வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்போம் என்று விதி வைத்திருப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பார்சிகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எண்ணிக்கையில் குறைந்த அந்த மக்களின் கவலை வேறு. ஆனால் அந்தத் தீர்ப்பு திறந்துவிட்ட கதவில் நுழைய எத்தனை ஆதிக்க சாதிச் சங்கங்கள் வரிசையில் நிற்கும் என்று யோசியுங்கள். அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றி நம் மாநிலம் 2017-ல் ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தம் எழுதுவது, பதிவு செய்வது, காலி செய்யச் சொல்வது எல்லாம் அதில் உண்டு. சாதி பார்த்து வீடு மறுக்கிறவனுக்கு என்ன தண்டனை என்று தேடிப் பார்த்தேன், இல்லை. டீக்கடையில் தனி டம்ளர் வைத்தால் வழக்கு. மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டால் என்ன வழக்கு?

அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகத் தாக்கியதையும் கவிஞர் நினைவூட்டினார். உண்மைதான். 1948 நவம்பர் 4-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசியது அது. யாரிடம் பேசினார்? கிராமத்தை அரசியல் சட்டத்தின் அடித்தளமாக வை என்று கேட்ட கிராமப் பக்தர்களிடம். தலித்துகளைப் பார்த்து 'நகரத்துக்குப் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமை' என்று அவர் சொல்லவில்லை. 1942-ல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாடு, சாதி இந்துக்களின் பிடியிலிருந்து விலகித் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதுவும் ஒளிவது அல்ல, பெயர் சொல்லிப் பிரிந்து நிற்பது. அவரைத் தங்களுக்கு வேண்டிய அளவுக்கு நறுக்கிக்கொள்கிற வேலையை நம் முற்போக்குகள் எப்போதுதான் விடப்போகிறார்கள்?

சரி, சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1893-ல் இதே சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கினார். அதற்கு என்ன பெயர் வைத்தார்? 'பறையன்'. எந்தச் சொல்லை வைத்து ஊர் நம்மை வெளியே நிறுத்தியதோ அந்தச் சொல்லை அச்சடித்து நகரத்தின் நடுவே விற்றார். 1907-ல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். நகரம் அவர்களுக்கு ஒளிந்துகொள்ளும் பொந்து அல்ல, அச்சு இயந்திரம் இருக்கிற இடம். நூற்று இருபத்தைந்து வருஷம் கழித்து, சம்பளமும் சங்கமும் இடஒதுக்கீடும் இருக்கிற ஒரு பட்டதாரி அதே நகரத்துக்குப் போய் ஒரு சிரிப்பில் தன் சாதியை மாற்றிக்கொண்டான். நான் ஒருவன் மட்டுமா? அலுவலகத்தில் நம்ம ஆட்கள் எத்தனை பேர் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டில் டப்பாவைத் திறக்கும்போது ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறோம். 1956 மார்ச் 18-ல் ஆக்ராவில் அம்பேத்கர், படித்தவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள், வயிற்றை நிரப்பிக்கொள்கிற குமாஸ்தாக் கூட்டமாகிவிட்டார்கள் என்று மனம் உடைந்து பேசியதாகச் சொல்வார்கள். குமாஸ்தா என்கிற வார்த்தை வருகிறபோதெல்லாம் என் பெயரைக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்.

ஆனாலும் ஊர்ப்பக்கம் போகிற மாற்றல் உடனே கிடைத்துவிடுமா? பதினோரு மாசம் காத்திருந்தோம். எங்கள் கிளையில் கடைநிலை ஊழியராக இருக்கிற அண்ணன் ஒருவர் வியாசர்பாடிக்காரர். 2018-லேயே சொன்னார், "நம்ம ஏரியாவுக்கு வா தம்பி, ஒரு நாள்ல வீடு புடிச்சுத் தர்றேன்." அப்போது நான் போகவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 'டீசன்ட்டான ஏரியா' வேண்டும் என்று எனக்குள்ளேயே ஒரு வீட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான். பேங்க் வேலைக்காரன் வியாசர்பாடியிலா இருப்பது? பதினோரு வீட்டில் நான் கேட்ட மறுப்புக்கு முன்னால் என் வாயிலிருந்தே ஒரு மறுப்புப் போயிருக்கிறது. அந்த அண்ணன் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். ஆதம்பாக்கத்தைக் காலி செய்ய வேண்டி வந்ததும் அவரிடம்தான் போய் நின்றேன். சொன்னபடி ஒரே நாளில் வீடு.

வியாசர்பாடியிலும் கேட்டார்கள், "எந்த ஊரு?" அதே கேள்வி. சிதம்பரம் பக்கம் என்றதும் வீட்டுக்காரப் பாட்டி, "எங்கம்மா புவனகிரிப் பக்கம்டா! பஞ்சத்துல வந்தவங்க" என்று என் மனைவியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். பீரோவிலிருந்து படம் வெளியே வந்து நடுவீட்டில் ஏறியது. அம்மா வந்து இருபது நாள் இருந்தார். அடிபம்பு வரிசையில் சண்டை போட்டார், சமாதானமானார், யாருக்கோ பிரசவ மருந்து இடித்துக் கொடுத்தார். மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும், அதையும் சொல்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் பின்னி ஆலையில் நூல் நூற்றவர்களும் ரிக்‌ஷா மிதித்தவர்களும் இருந்து கட்டிய வடசென்னைக்கு இன்னும் ஒழுங்கான வடிகால் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள், "வியாசர்பாடியா? சேஃப்டியா இருக்கா?" என்று விசாரித்தார்கள். ஆதம்பாக்கத்தில் இருந்தபோது ஒருத்தரும் என் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டதில்லை.

நகரம் விடுதலை என்றால் அந்த நகரத்தைக் கட்டியவர்களை ஏன் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம் கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த சேரிகளைப் பெயர்த்துக்கொண்டுபோய் அடுக்குமாடியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். 2022 மே மாசம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்துப்போனார். கிராமத்தில் சேரி ஊருக்கு வெளியே. நகரத்தில் எங்கே என்று கவிஞர்தான் சொல்ல வேண்டும்.

அதற்காக, மண்வாசனை தேடி ஊருக்கு வந்தேன் என்று யாராவது நினைத்தால் அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை. மண் எங்கே எங்களுக்கு? அப்பா சாகிற வரைக்கும் அடுத்தவன் மண்ணில்தான் நின்றார். ஊர் அப்படியே இருக்கிறது. தேர் காலனிக்கு வராது. டீக்கடையில் தனி டம்ளர் போய் எல்லோருக்கும் பேப்பர் கப் வந்திருக்கிறது, ஆனால் பெஞ்சில் யார் உட்காருவது என்பது மாறவில்லை. சிதம்பரத்துப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் புதிதா? நந்தனைத் தீயில் குளிப்பாட்டி எடுத்த பிறகுதான் கோயிலுக்குள் விட்டார்கள் என்று பக்தியோடு கதை சொல்கிற ஊர் அது. அதே சிதம்பரத்தில்தான் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கி எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஊரில் என்னிடம் யாரும் 'எந்தத் தெரு?' என்று கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். வந்த இரண்டாவது வாரம், நகைக்கடன் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் வயலில்தான் அப்பா வேலை செய்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குனிந்து பார்த்தார். அப்பா பெயரை மொட்டையாகச் சொல்லி, "அவன் மவன்தானடா நீ?" என்றார். பேங்கு முழுக்கக் கேட்டது. ஒன்பது வருஷமாகப் பஸ் ஏறின பிறகு வந்துகொண்டிருந்த பதில் அன்றைக்கு ஏனோ உட்கார்ந்த இடத்திலேயே வந்தது. "ஆமாங்க. அவரோட மகன்தான். உங்க டோக்கன் நம்பர் சொல்லுங்க." 'அவரோட' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. நாலைந்து நொடி. அப்புறம், "நாப்பத்தொண்ணு" என்றார்.

மேனேஜர் கூப்பிட்டு, "லோக்கல்ல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போங்க சார், டெபாசிட் வெச்சிருக்கிறவரு" என்றார். நான் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசினேனா என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. பெரியவர் இப்போதும் வருகிறார். 'நீ' என்று சொல்ல வாய் வரவில்லை, 'நீங்க' என்று சொல்ல மனசு வரவில்லை. "பாஸ்புக்கு பதிஞ்சி குடுத்தாத் தேவலை." "வட்டி எவ்ளோன்னு பாத்தா ஆவும்." ஆறு மாசமாக எழுவாயே இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார். தமிழில் இப்படியும் ஒரு வசதி இருப்பது இலக்கணம் படித்த எனக்கே தெரியாது. ஆதம்பாக்கத்து வீட்டுக்காரர் ஐந்து வருஷம் என்னை 'சார்' என்றார், அந்த 'சார்' எனக்கு உரியது அல்ல, அவர் நினைத்துக்கொண்ட ஆளுக்கு உரியது. இந்தப் பெரியவர் விழுங்குகிற 'நீங்க' எனக்கே எனக்கானது. என்றைக்காவது அவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், நான் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதாக இல்லை.

என் மகள் இங்கே ஒன்றாம் வகுப்புப் போகிறாள். கருவாட்டுக் குழம்புக்கு யாரும் ஜன்னல் சாத்துவதில்லை, எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கதவே பாதிதான் இருக்கிறது. முதல் ஒரு மாசம், யாராவது என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் அவள் என் மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கவிஞர் நண்பர் இதற்குப் பதில் எழுதுவார் என்று நினைக்கிறேன், எழுத வேண்டும். என் பழைய முகவரிக்குப் போட வேண்டாம். 'காலனி' என்கிற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். செய்யட்டும். ஆனால் எங்கள் ஊர்த் தபால்காரர் தலைமுறையாக ஒரே பெயரைத்தான் தேடி வருகிறார். கதவு எண் போடாவிட்டாலும் பரவாயில்லை, ஊர்ப் பெயருக்கு மேலே காலனித் தெரு என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். நேரே வந்து சேரும்.